பழைய கொம்பியூட்டர் சண்டித்தனம் பண்ணுதா? எமுலேட்டரையும் ஒரிஜினல் மெசினையும் பக்கத்தில வைச்சுப் பிழை பிடிக்கிற முறை

அலுமாரிக்கு மேலயிருந்து பெட்டியை இறக்கின உடன சுவிச்சைப் போட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும், தயவுசெய்து போடாதேங்கோ. நாப்பது வருசமாக் கிடந்த சாமான், அதுவும் எங்கட திருகோணமலைக் கடல்காத்தைக் குடிச்சுக்கொண்டு கிடந்த சாமான், முதல் சுவிச்சிலதான் கனக்க மெசின் செத்துப் போறது.

என்னட்ட இருக்கிறது எண்பதுகளில வந்த வீட்டுக் கொம்பியூட்டர் நாலு. லண்டன்ல இருந்து பெரியப்பா அனுப்பின கொமடோர் 64, அவர் முதல்ல அனுப்பின 48கே ஸ்பெக்ட்ரம், கனடாவில இருந்து மச்சான் கொண்டுவந்த இன்னொரு கொமடோர் 64, பிறகு ஒரு அமிகா 500. வீடு உவர்மலையில, யன்னல் கம்பியே ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கறள் சுரண்டிப் பெயின்ற் அடிக்கோணும், அப்ப உள்ள கிடக்கிற சிப்புக் காலெல்லாம் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கிட்டத்தட்ட எல்லாப் பிழையும் எனக்கு வந்து போயிருக்கு.

எமுலேட்டர் எண்டுறது புதுக் கொம்பியூட்டர்ல பழைய மெசின் மாதிரியே நடிக்கிற புரோகிராம். எமுலேட்டரா ஒரிஜினலா எண்டு சண்டை பிடிக்கிறதில எனக்கு விருப்பமில்லை, ஏன் எண்டா பிழை பிடிக்க ரெண்டும் வேணும். நான் செய்யிறது இதுதான்: ஒரே கேமை, ஒரே டிஸ்க் ஃபைலை ரெண்டிலயும் போட்டுப் பார்ப்பன். ரெண்டிலயும் ஒரே மாதிரிப் பிழைச்சா ஃபைல்ல பழுது, இல்லாட்டி நாங்கள் செய்யிற முறையில பிழை. எமுலேட்டர்ல ஓடி ஒரிஜினல்ல ஓடாட்டி மெசின்ல பழுது. ஒரிஜினல்ல ஓடி எமுலேட்டர்ல ஓடாட்டி செற்றிங். சொல்டர் கோலைக் கையில எடுக்க முதல் இந்த ஒரு சோதனையைச் செய்தா பாதி அலைச்சல் மிச்சம்.

லைட் எரியுது, திரை மட்டும் கறுப்பு (கொமடோர் 64)

முதல்ல பவர் பிரிக், அதாவது மெசினுக்குக் கரண்ட் குடுக்கிற செங்கல் மாதிரிப் பெட்டி. இதில ரெண்டு கரண்ட் வருது, 5 வோல்ற் டீசீ, 9 வோல்ற் ஏசீ. பழைய பிரிக்குக்குள்ள பிசின் ஊத்தி அடைச்சிருக்கு, சூடு வெளிய போக வழியில்லை, உள்ள இருக்கிற ரெகுலேற்றர் பழுதாகேக்க 5 வோல்ற் நிண்ட இடத்தில நிக்காம மேல ஏறும். ஏறினா ரேம் சிப்புகள்தான் முதல்ல போகும். அதால மெசின்ல குத்தாம பிரிக்கை மட்டும் பிளக்கில போட்டு மல்ரிமீற்றரால அளவுங்கோ. வட்டமான ஏழு பின் பிளக்கைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பார்த்தா பின்னுக்குப் பக்கத்தில சின்ன நம்பர் பொறிச்சிருக்கும், வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். 2 கிரவுண்ட், 5ல 5 வோல்ற், 6க்கும் 7க்கும் இடையில 9 வோல்ற் ஏசீ. 4.75க்கும் 5.25க்கும் நடுவில நிண்டாச் சரி. ஆனா ஒருக்கா அளந்துபோட்டு விட்டிடாதேங்கோ, அரை மணித்தியாலம் அப்பிடியே விட்டுச் சூடான பிறகு திரும்ப அளவுங்கோ, குளிர்ல 5.1 காட்டின பிரிக் சூட்டில 5.6 காட்டினதை நான் என்ட கண்ணால பார்த்தன். அந்தப் பிரிக்கைத் திரும்பப் பாவிக்கவே கூடாது, புதுசா ஒண்டு செய்விக்கோணும் இல்லாட்டி வாங்கோணும்.

5 வோல்ற் சரி, சிவப்பு லைட்டும் எரியுது, ஆனாத் திரை கறுப்பு எண்டா 9 வோல்ற் ஏசீயைப் பாருங்கோ. பழைய மொடல்ல வீடியோ சிப்புக்கும் கிளொக்குக்கும் போற கரண்ட் அந்த 9 வோல்ற்றில இருந்துதான் எடுக்குது, அதுக்கு மெசினுக்குள்ள ஒரு கண்ணாடி பீஸ் (ஃபியூஸ்) இருக்கு. பீஸ் போனாலும் லைட் எரியும், திரை மட்டும் வராது. ஒரு சின்னப் பீஸுக்காகப் போர்ட்டையே குப்பையில போட்ட ஆக்கள் இருக்கினம்.

கரண்ட் எல்லாம் சரி எண்டா பீஎல்ஏ சிப் (மற்றச் சிப்புகளுக்கு வழிகாட்டுற சிப்), அது சரியாச் சூடாகிற சிப், அடிக்கடி போறதும் அதுதான். பிறகு ரேம். ஓன் பண்ணி ஒரு நிமிசம் விட்டு எட்டு ரேம் சிப்பையும் விரல் நுனியால ஒவ்வொண்டாத் தொட்டுப் பாருங்கோ, ஒண்டு மட்டும் விரல் வைக்கேலாமல் சுட்டா அதுதான் கள்ளன். நீலத் திரை வந்து 38911 பைற்ஸ் ஃப்ரீ எண்டு காட்டாம அதை விடக் குறைஞ்ச நம்பர் காட்டினாலும் ரேம்தான், ஏன் எண்டா மெசின் எழும்பேக்க ரேமைச் சோதிச்சுக்கொண்டு போய் பிழைச்ச இடத்தில நிண்டிடும்.

கனடா மெசின் கதையை இதில சொல்லியே ஆகோணும். மச்சான் கொண்டுவந்து தந்த அண்டு இரவே பிளக்குக்கு அடாப்டர் போட்டுக் குத்தினம், பிரிக்கின்ட அடியில 120 வோல்ற் எண்டு எழுதியிருந்ததை ஒருத்தரும் திருப்பிப் பார்க்கேல்லை. எங்கட கரண்ட் 230. ஒரு சத்தம், பிறகு வீடு முழுக்க மணம், பிரிக் முடிஞ்சுது, பிழை எங்கடதான். நல்லகாலம் மெசின்ல குத்தாம பிரிக்கை மட்டும் குத்தினது. கனடா, அமெரிக்காவில இருந்து வாற எந்தச் சாமானையும் முதல்ல கவுத்துப் பாருங்கோ.

ஸ்பெக்ட்ரம்ல திரை வரேல்லை, இல்லாட்டிக் கோடு கோடா வருகுது

ஸ்பெக்ட்ரம்ல முதல் கேள்வி அடாப்டர் என்ன எண்டுறது. அது 9 வோல்ற், ஆனா நடுவில மைனஸ், வெளியில பிளஸ். இப்ப கடையில விக்கிற கனக்க அடாப்டர்ல நடுவில பிளஸ். வோல்ற் சரிதானே எண்டு குத்தினாப் போச்சு. கிற்றார் பெடலுக்குப் பாவிக்கிற 9 வோல்ற் அடாப்டர்ல நடுவில மைனஸ்தான், ஆனா அதில அம்பியர் காணாது, 48கே மெசினுக்கு 1.4 அம்பியர் வேணும்.

கோடு கோடாவோ சதுரம் சதுரமாவோ வந்து அப்பிடியே நிண்டா கீழ் 16கே ரேம்ல பழுது. அந்த 4116 சிப்புக்கு 5 வோல்ற் மட்டும் காணாது, 12 வோல்ற்றும் மைனஸ் 5 வோல்ற்றும் வேணும். மைனஸ் 5 இல்லாமப் போனா மற்ற ரெண்டும் சேர்ந்து சிப்பைக் கொல்லும். அதால முதல்ல டிஆர்4 எண்ட ட்ரான்சிஸ்டர் இருக்கிற அந்தப் பகுதியைச் சரிபண்ணி மூண்டு வோல்ற்றும் வருகுதெண்டு உறுதிப்படுத்திப்போட்டுத்தான் புது ரேம் போடோணும், மாறிச் செய்தாப் புதுச் சிப்பும் போகும். இன்னொண்டு, பின்னால இருக்கிற எட்ஜ் கனெக்டர்ல எதைச் செருகிறதெண்டாலும் கரண்ட்டைக் கழட்டிப்போட்டுச் செருகுங்கோ. ஸ்பெக்ட்ரம்ல சுவிச் இல்லாததால ஆக்கள் இதை மறந்திடுறவை.

எமுலேட்டர்லயே கறுப்புத் திரை

இது லேசு. ரோம் ஃபைல் இல்லை, மெசின் எழும்பிறதுக்கு உள்ள எழுதி வைச்ச புரோகிராம்தான் ரோம். ஃபியூஸ் எண்ட ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்ல இந்தப் பிரச்சினை குறைவு, ஆம்ஸ்ட்ராட் கம்பனி அந்த ரோமை எமுலேட்டரோட சேர்த்துக் குடுக்க அனுமதி தந்திட்டுது. அமிகாவுக்குத்தான் கரைச்சல், கிக்ஸ்டார்ட் ரோமுக்கு உரிமை இருக்கு, காசு குடுத்து வாங்கோணும் இல்லாட்டி உங்கட மெசின்ல இருந்தே எடுக்கோணும். வின்யூஏஈ எண்ட அமிகா எமுலேட்டர் உள்ளுக்க வைச்சிருக்கிற மாற்று ரோம்ல சில கேம் ஓடும், கனக்க ஓடாது.

படம் வருகுது, சத்தம் இல்லை. இல்லாட்டி நிறம் இல்லை.

இதில எங்கட நாட்டுக்கெண்டே ஒரு காரணம் இருக்கு. லண்டன் கொமடோரை அன்டெனா வயரால ரீவீயில குத்தினா படம் வடிவா வரும், சத்தத்துக்குப் பதிலா சீறும் சத்தம் மட்டும் வரும். சிட் எண்ட சத்தச் சிப் போச்சுதெண்டு நான் ரெண்டு கிழமை கவலைப்பட்டன். சிப்பில ஒண்டுமில்லை. பால் (PAL) எண்டுறது ரீவீக்குப் படம் அனுப்புற ஒரு முறை. இங்கிலாந்து பால் சிஸ்டத்தில சத்தம் படத்தில இருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வருகுது, எங்கட சிஸ்டத்தில 5.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளித்தான் ரீவீ தேடும். ரெண்டும் பால்தான், அதால படமும் நிறமும் வரும், சத்தத்தை மட்டும் ரீவீ பிழையான இடத்தில தேடும். இப்பத்தைய ரீவீ மெனுவில சவுண்ட் சிஸ்டம் எண்டு ஒண்டு இருந்தா பீஜீயை விட்டு ஐ எண்டுறதுக்கு மாத்துங்கோ, சத்தம் வந்திடும். மெனுவில அது இல்லாட்டி பின்னால இருக்கிற வட்ட ஏவீ சொக்கெற்றில இருந்து வயர் செய்து எடுங்கோ, படமும் அதில இன்னும் தெளிவு. சனல் பிடிக்கேல்லை எண்டா ஓட்டோ சேர்ச்சை நம்பாதேங்கோ, கையால யூஎச்எஃப் 36க்குக் கிட்ட ஓட்டிப் பாருங்கோ. ஸ்பெக்ட்ரம் 48கேக்கு இந்தச் சத்தப் பிரச்சினை இல்லை, அதின்ட ஸ்பீக்கர் மெசினுக்குள்ளயே இருக்கு.

நிறம் இல்லாம கறுப்பு வெள்ளையா வந்தாலோ படம் உருண்டாலோ அது அநேகமா என்டிஎஸ்சி மெசின், கனடா, அமெரிக்காவில பாவிச்ச மற்ற ரீவீ முறை. எங்கட கனடா மெசின் வீட்டில இருந்த பழைய குண்டு ரீவீயில கறுப்பு வெள்ளைதான், ஏவீ வயரால புது ரீவீயில போட்டா நிறம் வந்திட்டுது, புது ரீவீ ரெண்டையும் விளங்கிக்கொள்ளும்.

பாட்டு வேகமா ஓடுது, கேம் அவசரப்படுது

மேல சொன்ன அதே பால், என்டிஎஸ்சி விசயம். பால் மெசின் செக்கனுக்கு 50 தரம் படம் போடும், என்டிஎஸ்சி 60. அந்த நேரத்துக் கேம்களில அநேகமானது படத்துக்கு ஒருக்காப் பாட்டை நகர்த்தும், அதால ஐரோப்பாவில செய்த கேமைக் கனடா மெசின்ல போட்டா பாட்டு ஐந்தில ஒரு பங்கு வேகமா ஓடும். சின்ன வயசில இருந்து கேட்ட பாட்டெண்டா உடன காது பிடிக்கும். ஒரிஜினல்ல இதுக்குச் சுலபமான மாற்று இல்லை, எமுலேட்டர்ல மொடலை பாலுக்கு மாத்தினா ஒரு நிமிச வேலை.

அதுக்கு மறுபக்கம் இன்னொண்டு இருக்கு. எமுலேட்டர்ல வேகம் சரி, ஆனா திரை பக்கவாட்டில நகரேக்க ஒவ்வொரு கணமும் தட்டித் தட்டிப் போகுதெண்டா, அது உங்கட மொனிற்றர் 60ல ஓடுறதாலயும் கேம் 50ல ஓடுறதாலயும் வாறது. மொனிற்றரை 50க்கோ 100க்கோ மாத்த ஏலுமெண்டா மாத்துங்கோ, மொனிற்றர் வேகத்தைக் கேமோட சேர்க்கிற ஃப்ரீசிங்க் மாதிரி ஒண்டு இருந்தா அதை ஓன் பண்ணுங்கோ. குண்டு ரீவீயில வழுக்கிக்கொண்டு போற அந்த ஓட்டம் உடன வந்திடும். எமுலேட்டர் சரியில்லை எண்டு கைவிட்ட கனபேர் உண்மையில மொனிற்றரிலதான் கோபப்பட்டிருக்கோணும்.

டிஸ்க் லோட் ஆகி நடுவில நிண்டிடுது

இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன், ஏன் எண்டா எமுலேட்டரும் ஒரிஜினலும் ஒரே காரணத்தால ஒரே இடத்தில விழுறது இதிலதான்.

கொமடோரின்ட 1541 டிஸ்க் டிரைவ் சும்மா ஒரு பெட்டி இல்லை, அதுக்குள்ளயே ஒரு 6502 புரொசசரும் 2 கிலோபைற் ரேமும் இருக்கு, அது தனிய ஒரு கொம்பியூட்டர். டிரைவ் சரியான மெதுவெண்டதால கேம் செய்த ஆக்கள் என்ன செய்தவை எண்டா, கேமின்ட முதல் துண்டு லோட் ஆன உடன டிரைவுக்குள்ள இருக்கிற அந்தக் கொம்பியூட்டருக்குத் தங்கட சொந்தப் புரோகிராமை அனுப்பி, அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் தங்களுக்குள்ள வேற பாசையில வேகமாக் கதைக்கப் பண்ணினவை. இதுதான் ஃபாஸ்ட் லோடர்.

இப்ப வைஸ் எண்ட கொமடோர் எமுலேட்டர்ல ட்ரூ டிரைவ் எமுலேசன் எண்டுறதை ஓஃப் பண்ணி வைச்சிருந்தா உள்ளுக்க டிரைவ் எண்டு ஒண்டு இல்லை, ஃபைலை எடுத்துக் குடுக்கிற ஒரு கை மட்டும்தான் இருக்கு. கேம் தன்ட புரோகிராமை அனுப்பும், வாங்கி ஓட்ட ஆளில்லை, படம் ஒண்டு வந்து அப்பிடியே நிண்டிடும். ஓன் பண்ணுங்கோ, மெதுவாத்தான் இருக்கும், காத்திருக்க ஏலாட்டி வேகத்தைக் கூட்டுற வார்ப் மோடைப் போட்டு லோட் முடிஞ்ச உடன எடுத்துவிடுங்கோ.

ஒரிஜினல் மெசின்ல எஸ்டி2ஐஈசி எண்ட மலிவான மெமரி கார்ட் பெட்டியைப் பாவிக்கிற ஆக்களுக்கும் இதே கதை. அதுவும் 1541 இல்லை, டிரைவ் மாதிரி நடிக்கிற வேற ஒரு சிப். பேர்போன சில ஃபாஸ்ட் லோடரை அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு, மற்றதெல்லாம் நிண்டிடும். அதைப் பழுது எண்டு திருப்பி அனுப்பாதேங்கோ. எல்லாம் ஓடோணுமெண்டா பை1541 மாதிரி டிரைவின்ட புரொசசரையே எமுலேட் பண்ணுற ஒண்டு வேணும். யோசிச்சுப் பார்த்தா ஒரிஜினல் மெசின்ல எமுலேட்டரைக் குத்தி ஓட்டுறம், அதில எனக்கு ஒரு குறையும் தெரியேல்லை, நாப்பது வருசத்து டிரைவ் மோட்டரை நாள் முழுக்கச் சுத்த விடுறதை விட இது நல்லம்.

ரெண்டிலயும் நிண்டா ஃபைலைப் பாருங்கோ. கொமடோர் டிஸ்கின்ட சாதாரண டீ64 ஃபைல் சரியா 174848 பைற், பிழைத் தகவல் சேர்ந்ததெண்டா 175531. இதுக்குக் குறைவா இருந்தா டவுன்லோட் அரைவாசியில அறுந்திருக்கு, சிக்னல் விட்டுவிட்டு வாற இடத்தில எனக்கு இது கனதரம் நடந்திருக்கு. அமிகா டிஸ்க் ஃபைல் (ஏடிஎஃப்) எண்டா 901120.

உண்மையான டிரைவ், உண்மையான டிஸ்க் எண்டா முதல்ல லோட் "$",8 அடிச்சு லிஸ்ட் போட்டு டிஸ்கில இருக்கிற பேரெல்லாம் வருகுதோ எண்டு பாருங்கோ. டிரைவ் லைட் விட்டுவிட்டு மினுங்கினா பிழை எண்டு சொல்லுது. ஆனா அதுக்கும் முதல், டிஸ்கை உள்ள போட முதல், நீள்வட்ட ஓட்டையால தெரியிற கறுப்புப் பகுதியை வெளிச்சத்தில பிடிச்சு, நடு வட்டத்தை விரலால மெல்லச் சுத்திக்கொண்டு பாருங்கோ. எங்கட ஈரத்தில வெள்ளைப் புள்ளி புள்ளியாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும், சிலநேரம் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கலா மட்டும் தெரியும். அப்பிடி இருந்தாப் போடவே கூடாது, ஹெட்டில அப்பி அடுத்து வாற நல்ல டிஸ்கையும் சுரண்டும். போட்டிட்டீங்கள் எண்டா ஐசோபுரோப்பைல் அல்ககோல்ல காது துடைக்கிற பஞ்சை நனைச்சு ஹெட்டைத் துடைச்சுப்போட்டுத்தான் அடுத்த டிஸ்க்.

ஸ்பெக்ட்ரம் கசெற் லோட் ஆகுதில்லை

திரையின்ட ஓரத்தைப் பாருங்கோ, அதுவே சொல்லும். முதல்ல சிவப்பும் வெளிர்நீலமும் தடிச்ச கோடா ஓடோணும், பிறகு நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடா ஓடோணும். சிவப்புக் கோடே வராட்டி சத்தம் காணாது இல்லாட்டி வயர் பிழை. சிவப்பு வந்து நீலத்தில போய் டேப் லோடிங் எரர் எண்டு நிண்டா சத்தம் கூடிப்போச்சு, இல்லாட்டி கசெற் ஹெட் சரிஞ்சிருக்கு. ஹெட்டுக்குப் பக்கத்தில சின்ன ஸ்குரூ ஒண்டு இருக்கும், ஓடவிட்டுக்கொண்டு அதை மெல்லத் திருப்ப, சத்தம் எந்த இடத்தில கூராகுதோ அதுதான் சரியான இடம்.

இப்ப நான் கசெற் பிளேயரை விட்டுட்டு, போன் மூலமாத்தான் போடுறன், கேமின்ட டேப் ஃபைலை வேவ் ஆக்கி போன்ல வைச்சு ஹெட்போன் வயரால இயர் எண்ட ஓட்டையில குத்துறது. நல்ல வேலை செய்யும், ஆனா நாலு விசயம் சொல்லோணும். எம்பித்ரீ ஆக்காதேங்கோ, சுருக்கிற நேரத்தில அலை கெட்டுப்போகும். ஈக்குவலைசர் எல்லாத்தையும் ஓஃப் பண்ணுங்கோ. சத்தத்தை முழுக்கக் கூட்டுங்கோ, சில போன்ல முழுக்கக் கூட்டினாலும் காணாது, அப்ப இடையில ஒரு சின்ன அம்ப்ளிஃபையர் வேணும். அடுத்தது பிளைட் மோட். ஒரு 48கே கேம் லோட் ஆக அஞ்சு நிமிசம் கிட்ட எடுக்கும், நாலரையாவது நிமிசத்தில அம்மா வட்ஸ்அப்பில குட்மோர்ணிங் அனுப்ப அந்த டிங் சத்தமும் கேமோட சேர்ந்து உள்ள போய் எல்லாம் முறிஞ்சுபோச்சு, முதல்ல இருந்து திரும்ப.

அதே ஃபைல் எமுலேட்டர்ல லோட் ஆகி ஓடேக்க விழுந்தா 128கே மொடலை விட்டு 48கேக்கு மாத்திப் பாருங்கோ, பழைய கேம் கனக்க அதை மட்டும் நினைச்சுச் செய்தது.

ஜோய்ஸ்டிக் அசைச்சா எழுத்து எழுதுப்படுது

கொமடோர்ல ஜோய்ஸ்டிக் ஓட்டை ரெண்டு. முதலாவது ஓட்டை கீபோர்டோட ஒரே வயரைப் பங்குபோடுது, அதால அதில குத்தி அசைச்சா திரையில கண்டபடி எழுத்து விழும். பழுதில்லை, ஒரிஜினலும் அப்பிடித்தான், எமுலேட்டரும் அதை அப்பிடியே செய்யும். அநேகமான கேமுக்கு ரெண்டாவது ஓட்டை. கழட்டிக் குத்தேக்க பின்னை விரலால தொடாதேங்கோ, உடம்பில இருக்கிற ஸ்டற்றிக் கரண்ட்டே உள்ள கீபோர்டையும் ஜோய்ஸ்டிக்கையும் பார்க்கிற சிஐஏ சிப்பைக் கொல்லக் காணும்.

கீ அமத்தினா வேற எழுத்து, இல்லாட்டி ஒண்டுமில்லை

எமுலேட்டர்ல மேற்கோள்குறி வரேல்லை எண்டுதான் எல்லாரும் கேக்கிறது. கொமடோர்ல அது ஷிஃப்ற்றும் 2ம். வைஸ் கீபோர்ட் செற்றிங்கில பொசிசனல் எண்டு வைச்சா பழைய மெசின்ட இடத்தில கீ இருக்கும், சிம்பொலிக் எண்டு வைச்சா உங்கட கீபோர்டில எழுதியிருக்கிறது வரும். ரன் ஸ்டொப்புக்கு எஸ்கேப், ரெஸ்டோருக்குப் பேஜ் அப். ஸ்பெக்ட்ரம்ல ஜே அமத்தினா லோட் எண்ட முழுச் சொல்லே வரும், அது பழுதில்லை, அந்த மெசின்ட முறை.

ஒரிஜினல் ஸ்பெக்ட்ரம்ல ஒரு வரிசைக் கீயே வேலை செய்யாட்டி உள்ள இருக்கிற பிளாஸ்டிக் தாள் வெடிச்சிருக்கு. மூடியைத் திறக்கேக்கதான் அது அநேகமா முறியிறது, கண்ணாடித் தாள் மாதிரிக் காஞ்சு போயிருக்கும். ஒட்ட வெளிக்கிடாதேங்கோ, புதுத்தாள் செய்து விக்கினம், வாங்கிப்போடுங்கோ.

சத்தம் ஒரிஜினல் மாதிரி இல்லை

வெடிச்சு வெடிச்சு வந்தா சவுண்ட் பஃபரைக் கூட்டுங்கோ. கேம்ல வாற ஆள்குரல் மட்டும் மெல்லிசாக் கேட்டா சிட் மொடலைப் பாருங்கோ. பழைய 6581ல குரல் பலமா வரும், பிறகு வந்த 8580ல கேட்டும் கேக்காமலும் இருக்கும். பெரியப்பான்ட மெசின்ல 6581, நான் எமுலேட்டரையும் அதுக்கே வைச்சிருக்கிறன். ஆனாலும் 6581 ஒவ்வொண்டின்ட ஃபில்டரும் ஒவ்வொரு மாதிரி, என்ட சிப்பில கேக்கிற அந்த மெத்தெண்ட அடிச்சத்தத்தை இன்னும் எமுலேட்டர்ல சரியாக் கொண்டுவர என்னால ஏலேல்லை. ஒரிஜினலை வித்துப்போடு எண்டு சொல்லுற ஆக்களுக்கு நான் காட்டுறது இந்த ஒரு பாட்டைத்தான்.

அமத்தி ஒரு கணம் கழிச்சுத்தான் ஆள் பாயிது

எமுலேட்டரைக் குறைசொல்ல முதல் ரீவீயில கேம் மோடைப் போடுங்கோ, பாதி அதிலயே போகும். புளூடூத் கொன்ட்ரோலரையும் புளூடூத் ஹெட்போனையும் விட்டு வயருக்கு வாங்கோ. ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர்ல ஓட்டுற ஆக்கள் திரை மூலையில மின்னல் அடையாளம் வந்தா சாதாரணப் போன் சார்ஜரை மாத்தோணும், கரண்ட் காணாம அது தன்ட வேகத்தைத் தானே குறைக்குது. ஒரிஜினல் மெசினைப் புது ரீவீயில போட்டாலும் இதே பிந்தல் வரும், குண்டு ரீவீயில வராது. பழைய துவக்குக் கேமுக்கும் குண்டு ரீவீதான் வேணும், அந்தத் துவக்கு பார்க்கிறது திரையில ஓடுற ஒளிப்புள்ளியை, புது ரீவீயில அப்பிடி ஒண்டு இல்லவே இல்லை.

அமிகா: நிறத்திரை வந்து நிக்குது

பச்சை எண்டா சிப் ரேம், சிவப்பு எண்டா கிக்ஸ்டார்ட் ரோம். சிவப்புக்கு முதல் வைத்தியம் ரோமைக் கழட்டிக் காலைத் துடைச்சுத் திரும்ப அமத்திறது, எனக்கு ரெண்டு தரமும் அதிலயே சரிவந்தது.

ஆனா அமிகா 500 வைச்சிருக்கிற ஆக்கள் பழுது வரமுதலே ஒண்டு செய்யோணும். மெசினைக் கவுத்து அடியில இருக்கிற சின்ன மூடியைத் திறங்கோ. அதுக்குள்ள ரேம் கார்ட் இருந்தா அதில நீலமாவோ பச்சையாவோ ஒரு உருளை பற்றரி இருக்கும், மணிக்கூட்டுக்கு வைச்சது. அது கசிஞ்சு பச்சைப் பொருக்கா ஊர்ந்துகொண்டிருக்கும், செம்புக் கோட்டை எல்லாம் தின்னும். 500 பிளஸ்ல இதே பற்றரி தாய்ப்போர்டிலயே இருக்கு, அது இன்னும் மோசம். வெட்டி எடுத்துப்போட்டு அந்த இடத்தை வினாகிரியால துடைச்சு, தண்ணியால, பிறகு அல்ககோலால கழுவிக் காயவிடுங்கோ. கசிவு காரம், அதைத் தணிக்கத்தான் வினாகிரி. 600, 1200 எண்டா பற்றரிக்குப் பதிலாக் கப்பாசிற்றர் கசியும்.

வின்யூஏஈயில கேம் நிண்டா ஏ500, கிக்ஸ்டார்ட் 1.3 எண்டு வைச்சு, டிரைவ் வேகத்தை டேர்போவில இருந்து நூறு வீதத்துக்கு இறக்குங்கோ. கொப்பி பண்ணாமல் தடுக்க வைச்ச பூட்டு கனக்க, டிரைவ் சரியான வேகத்தில சுத்துதோ எண்டுதான் பார்க்கிறது.

புகை வருகுது

பீபீசி மைக்ரோ எண்ட இன்னொரு பழைய இங்கிலாந்து மெசின்ல, ஓன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில பவர் பெட்டியால வெள்ளைப் புகையும் மூக்கைத் துளைக்கிற மணமும் வந்தா பிளக்கைக் கழட்டி யன்னலைத் திறந்து விடுங்கோ. உள்ள இருக்கிற மஞ்சள் நிறக் கண்ணாடி மாதிரிக் கப்பாசிற்றர், கரையெல்லாம் வெடிச்சு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மெசின் தப்பியிருக்கும். எக்ஸ்2 வகைப் புதுக் கப்பாசிற்றர் போடோணும், சாதாரணமானது போடக்கூடாது, ஏன் எண்டா அது நேர 230ல நிக்கிறது. பவர் பெட்டி திறந்து பழக்கமில்லாட்டி தெரிஞ்ச ஆளட்டைக் குடுங்கோ.

மாரிக்கு முதல் ஓடினது, மாரி முடிய ஓடேல்லை

இது எங்கட ஊருக்கெண்டே உள்ள வருத்தம். கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்து கடல்ல இருந்து நேர உப்பையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும், தையில மூடியைத் திறந்தா சிப்புக் காலெல்லாம் மங்கிச் சாம்பலாக் கிடக்கும். எமுலேட்டர்ல ஓடுற எல்லாம் இதில ஓடாது, ஆனா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாப் பிழைக்கும். இண்டைக்குக் கறுப்புத் திரை, நாளைக்குக் குப்பை எழுத்து, நாளையிண்டைக்கு நல்லா ஓடும். இப்பிடி நாளுக்கொரு பழுது காட்டினா சிப் சாகேல்லை, தொடுகைதான் பிழை.

சொக்கெற்றில இருக்கிற சிப்பை ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ. தட்டையான ஸ்குரூ டிரைவரை ஒரு பக்கம் மெல்லக் குடுத்து ஒரு மில்லிமீற்றர் தூக்கி, பிறகு மற்றப் பக்கம் ஒரு மில்லிமீற்றர், ஒரே பக்கத்தால நெம்பினா கால் வளையும். எந்தப் பக்கம் வெட்டு இருக்கெண்டு கழட்ட முதல் போன்ல படம் எடுங்கோ. காலைப் பென்சில் அழிறப்பரால தேய்ச்சா அந்தச் சாம்பல் போய் வெள்ளி தெரியும், அல்ககோலால துடைச்சு, நேரா அமத்துங்கோ. பார்மசியில வாங்கின எழுபது வீத அல்ககோல் எண்டா அதில தண்ணி இருக்கு, ஒரு பகல் முழுக்கக் காஞ்ச பிறகுதான் கரண்ட். நான் முழுத் துப்பரவு வேலையையும் கச்சான் காத்து வீசுற ஆனி, ஆடியில வைச்சிருக்கிறன், அப்ப ரெண்டு மணித்தியாலத்திலயே போர்ட் மொறுமொறெண்டு காஞ்சிடும்.

ஐப்பசியில இடிமுழக்கம் துவங்க முதல் நாலையும் பிளக்கால கழட்டி, சிலிக்கா ஜெல் பை போட்ட இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வைச்சிடுவன். தை பிறக்கும் மட்டும் எமுலேட்டர்தான்.